ஆன்டி-ஆக்ஸிடன்ட் சரி... எந்தச் செடி, எந்த இலை?

சூப்பர் மார்க்கெட்டில் டீத்தூள் அடுக்கியிருக்கும் வரிசையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கண்ணுக்கு நேரான தட்டில் பச்சை நிறப் பெட்டிகள். 'ஆன்டி-ஆக்ஸிடன்ட் நிறைந்தது', 'நோய் எதிர்ப்புச் சக்தி தரும்', 'எடை குறையும்' என்று மூன்று பக்கமும் வாசகங்கள். குனிந்து எடுக்க வேண்டிய கீழ்த் தட்டில் வழக்கமான டஸ்ட் டீ பாக்கெட். அதில் நிறம், மணம், சுவை, திடம் என்பதோடு சரி. மேல் தட்டு மருந்துக்கடை போலவும் கீழ்த் தட்டு மளிகைக்கடை போலவும் இருக்கும். விலையும் அப்படித்தான்.

மேல் தட்டுப் பெட்டியை எத்தனை தடவை திருப்பிப் பார்த்தாலும் ஒரு தகவல் மட்டும் கிடைப்பது அபூர்வம். உள்ளே இருப்பது எந்த ரகச் செடியின் இலை? கொழுந்தா, முற்றியதா? ஆன்டி-ஆக்ஸிடன்ட் நிறைந்தது என்கிறார்களே, நூறு கிராமில் எத்தனை கிராம்? அரிசி வாங்கும்போது பொன்னியா, சீரகச் சம்பாவா என்று கேட்கிறவர்கள்தான் எல்லோரும். மாம்பழம் என்றால் மல்கோவாவா, பங்கனப்பள்ளியா என்று விலை பேசுகிறவர்கள். டீ என்றால் மட்டும் 'டீ'. மிஞ்சிப்போனால் 'கிரீன் டீ'.

இதில் பலருக்கும் உள்ள ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். கிரீன் டீ என்று தனியாக ஒரு செடி கிடையாது. குழம்பியவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் தாவரங்களுக்கெல்லாம் பெயர் வைத்த லின்னேயஸே இதில் சறுக்கியிருக்கிறார். 1753ல் தேயிலையை ஒரே செடியாக எழுதியவர், 1762ல் பச்சை டீக்கு ஒரு செடி, கறுப்பு டீக்கு வேறு செடி என்று இரண்டாகப் பிரித்துவிட்டார். 1840களில் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவுக்குள் சுற்றித் திரிந்து பார்த்த பிறகுதான், ஒரே செடியின் இலையிலிருந்துதான் இரண்டும் தயாராகின்றன என்பது ஐரோப்பியர்களுக்கு உறைத்தது. சீன விவசாயிகளுக்கு அது எப்போதும் தெரிந்த விஷயம்!

செடி ஒன்றுதான், கமீலியா சினென்சிஸ். ஆனால் அதற்குள் ரகங்கள் உண்டு. முக்கியமாக இரண்டு. ஒன்று, சிறிய இலையும் குளிரைத் தாங்கும் குணமும் கொண்ட சீன வகை. மற்றது, பெரிய இலையுள்ள அஸ்ஸாம் வகை. அஸ்ஸாமில் சிங்போ மக்கள் காலங்காலமாகப் பயன்படுத்திவந்த இந்தச் செடியை 1823ல் ராபர்ட் புரூஸ் என்ற வியாபாரி பார்த்ததாகச் சரித்திரம் சொல்கிறது. (பார்த்தவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது, காட்டியவர்களின் பெயர் அந்த அளவுக்குப் பிரபலமாகவில்லை. வழக்கம்தானே.) நீலகிரியில் 1830களில் சோதனையாக முதலில் ஊன்றப்பட்டது சீன விதை. பிறகு அஸ்ஸாம் வகை வந்தது. தேயிலைப் பூ தன் மகரந்தத்தால் தானே காய்ப்பது அரிது, அயல் செடியின் மகரந்தம் வேண்டும். அதனால் விதை போட்டு வளர்த்த பழைய தோட்டங்களில் ஒரு செடியைப் போல் இன்னொன்று இருக்காது, எல்லாம் கலப்பு. அதைத் தவிர்க்கத்தான் நல்ல தாய்ச்செடியிலிருந்து ஓர் இலையோடு சேர்ந்த தண்டுத் துண்டை வெட்டி நட்டு, அச்சு அசலாக அதே செடியைப் பெருக்கும் குளோன் முறை வந்தது. வால்பாறையில் இருக்கும் யூபாசி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட யூபாசி-3, யூபாசி-9 போன்றவை அப்படி வந்தவை. தலவாக்கலையில் இருக்கும் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் டிஆர்ஐ 2025ம் அப்படித்தான்.

ரகம் எதற்கு முக்கியம்? ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்று பெட்டியில் போடுகிற சரக்கின் அளவு ரகத்துக்கு ரகம் மாறுகிறது.

அந்தச் சரக்கின் பெயர் கேட்டசின். பாலிஃபீனால் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. 1929ல் ஜப்பானில் மிச்சியோ ட்சுஜிமுரா என்ற பெண் விஞ்ஞானி கிரீன் டீயிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். விவசாயத் துறையில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் இவர், 1932ல். கேட்டசின்களில் நாலைந்து வகை உண்டு. அதிகம் இருப்பதும் அதிகம் பேசப்படுவதும் ஈஜிசிஜி. டீயின் துவர்ப்பும் கசப்பில் ஒரு பங்கும் இவற்றால் வருவதுதான். பூச்சியிடமிருந்தும் கடும் வெயிலிடமிருந்தும் தப்பிக்கச் செடி தனக்காகச் செய்துகொள்கிற பொருள் அது. மனிதர்களின் இடையைக் குறைப்பது செடியின் திட்டத்தில் இல்லை :-)

இப்போது வேடிக்கையான பகுதி. அஸ்ஸாம் வகையின் இளங்கொழுந்தில் காய்ந்த எடையில் கால் பங்குக்கும் மேல் பாலிஃபீனால் இருப்பது சாதாரணம். சீன வகையில் பொதுவாக அதைவிடக் குறைவு. உலகம் கொண்டாடும் சீன, ஜப்பானியக் கிரீன் டீக்களில் பெரும்பாலானவை இந்தக் குறைந்த கேட்டசின் வகையிலிருந்துதான் வருகின்றன. காரணம் எளிது. கேட்டசின் குறைந்தால் துவர்ப்பு குறையும், குடிக்க இதமாக இருக்கும். ஜப்பானில் உயர்ந்த ரகக் கிரீன் டீ செய்ய, பறிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் செடிகளுக்குப் பந்தல் போட்டு நிழல் கட்டுகிறார்கள். நிழலில் இலையின் கேட்டசின் குறைகிறது, இனிப்புச் சாயல் தரும் தியானின் கூடுகிறது. அதாவது, விலை உயர உயர, விளம்பரத்தில் சொல்லும் அந்தப் பொருள் குறைந்துகொண்டே போகலாம்! நல்ல வெயிலில் வளர்ந்த பெரிய இலை அஸ்ஸாம் வகைக் கொழுந்தில் சரக்கு அதிகம். ஆனால் அதைக் கிரீன் டீயாகப் போட்டால் நாக்கு சுருங்கிவிடும். அதனால்தான் அது கறுப்பு டீக்குப் போகிறது.

'கறுப்பு டீயாக மாற்றும்போது எல்லாம் போய்விடுமே' என்பது அடுத்த வாதம். பாதி உண்மை. வாழைப்பூவை ஆய்ந்து அப்படியே வைத்தால் கறுத்துப்போகிறதல்லவா, அதனால்தானே வீட்டில் மோர் கலந்த தண்ணீரில் போடுகிறார்கள். தேயிலையிலும் நடப்பது அதே வேலைதான். இலையைக் கசக்கியதும் உள்ளே இருக்கும் நொதி, கேட்டசின்களைக் காற்றில் உள்ள ஆக்ஸிஜனோடு சேர்த்து வேறு பொருளாக மாற்றுகிறது. தொழிற்சாலையில் இதைப் புளிக்க வைப்பது என்கிறார்கள், ஆனால் இட்லி மாவு புளிப்பது போல இதில் கிருமிக்கு வேலை கிடையாது. பறித்ததும் இலையை ஆவியில் காட்டியோ சூடான வாணலியில் வறட்டியோ நொதியைக் கொன்றுவிட்டால் கிரீன் டீ. விட்டுவிட்டால் கேட்டசின்களில் பெரும்பகுதி தியாஃப்ளேவின், தியாரூபிஜின் என்று உருமாறும். டீயின் பளிச்சென்ற செம்மஞ்சள் முன்னதால், ஆழ்ந்த சிவப்பு பின்னதால்.

உருமாறுவது என்றால் அழிவது என்று அர்த்தமில்லை. 2001ல் ஹாங்காங் ஆராய்ச்சியாளர்கள், கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லப்படும் எல்டிஎல் ஆக்ஸிஜனேற்றம் அடைவதைத் தடுப்பதில் கறுப்பு டீயின் தியாஃப்ளேவின்களும் கிரீன் டீயின் கேட்டசின்களும் சமமாக வேலை செய்கின்றன என்று காட்டினார்கள். சோதனைக்குழாயில்தான். அந்த விஷயம் கீழே வருகிறது. அதற்கு முன் கிருமிகளைப் பார்த்துவிடலாம்.

டீ கிருமியைக் கொல்லும் என்பது ஜப்பானிய விளம்பரக்காரர்கள் கண்டுபிடித்தது அல்ல. 1906லேயே மெக்நாட் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர், ஆறிய டீ டைபாய்டு கிருமியைக் கொல்கிறது என்று எழுதினார். சிப்பாய்களின் தண்ணீர்க் குப்பியில் தண்ணீருக்குப் பதில் டீயை நிரப்பலாம் என்று சிபாரிசும் செய்தார். கவனியுங்கள், அவர் சோதித்தது கறுப்பு டீயை. கொதிக்க வைத்த தண்ணீர் என்பதால் மட்டும் வந்த பலன் இல்லை இது, டீ ஆறிய பிறகு கிருமியைக் கலந்து பார்த்தார். பிறகு எண்பது வருடங்கள் போல இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1980களின் கடைசியில் ஜப்பானின் ஷோவா பல்கலைக்கழகத்தில் மறுபடி தொடங்கினார்கள். 1993ல் வெளிவந்த ஓர் ஆய்வு கேட்டசின் எப்படி வேலை செய்கிறது என்றும் சொன்னது. கிருமியின் மேல் இருக்கும் கொழுப்புச் சவ்வில் போய் ஒட்டி அதைச் சிதைக்கிறது, உள்ளே இருப்பது வெளியே கசிகிறது.

எல்லாக் கிருமிக்கும் இது ஒரே மாதிரி பலிப்பதில்லை. புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ், பல்லைச் சொத்தையாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற கிராம்-பாசிட்டிவ் வகைகள் சுலபமாக அடங்குகின்றன. ஈ-கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் வகைகளுக்கு மேலே இன்னொரு உறை இருக்கிறது. கேட்டசின் அதைத் தாண்டுவது கஷ்டம். காலராக் கிருமி மாதிரி அடங்கிப்போன விதிவிலக்குகளும் அந்த வகையில் உண்டு. வயிற்றுப்போக்குக்குப் பால் இல்லாத டீயில் எலுமிச்சை பிழிந்து கொடுக்கும் வீட்டு வைத்தியத்தில் ஏதோ இருக்கிறது என்று இதை வைத்துச் சொல்லலாம். ஆனால் அங்கே பெரிய வேலை செய்வது கொதித்த தண்ணீர்தான். டீ குடித்தால் டைபாய்டு போகும் என்று யாராவது சொன்னால் அவர் டாக்டராக இருக்க மாட்டார்.

டீயிலிருந்து முறைப்படி ஒரு மருந்து வந்திருக்கிறது. 2006ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கிரீன் டீக் கேட்டசின்களால் ஆன ஒரு களிம்புக்கு அனுமதி கொடுத்தது. அந்த நாட்டில் அப்படி அனுமதி பெற்ற முதல் தாவரச்சாறு மருந்து அதுதான். அது பாக்டீரியாவுக்கானதும் இல்லை, குடிப்பதற்கானதும் இல்லை. வைரஸால் வரும் ஒருவகை மருக்களின் மேல் பூசுவதற்கு. நேராகத் தோல் மேல் பூசினால் பொருள் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. குடித்தால்?

அங்கேதான் பெட்டி வாசகங்கள் வழுக்குகின்றன. பரிசோதனைக் கூடத்தில் ஆன்டி-ஆக்ஸிடன்ட் திறனை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? டிபிபிஹெச் என்று ஒரு ஊதா நிறக் கரைசல். அதில் டீச்சாற்றைவிட்டால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்று கருவியில் பார்த்து ஓர் எண் தருவார்கள். கிருமிக்கு என்றால், கிருமி வளர்த்த தட்டில் டீச்சாறு தோய்த்த சின்னக் காகித வட்டை வைத்து, அதைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பார்கள். இந்த ரகத்துக்கு இவ்வளவு, அந்த ரகத்துக்கு இவ்வளவு என்று ஒப்பிட்டு வெளிவரும் ஆய்வுகளில் பெரும்பாலானவை இப்படித்தான். ரகங்களை ஒப்பிடுவதற்கு இது நல்ல முறைதான், தப்பில்லை. ஆனால் மனித உடம்பு ஊதாக் கரைசல் இல்லை. இரண்டு மூன்று கப் டீ குடித்த பிறகு இரத்தத்தில் கலக்கும் ஈஜிசிஜியின் அளவு, சோதனைக்குழாயில் அதிசயம் காட்டிய அளவில் பத்தில் ஒரு பங்கோ நூறில் ஒரு பங்கோதான். அதுவும் சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். வாயிலும் குடலிலும் நிலைமை வேறு, அங்கே டீ நேராகவே படுகிறது. பல் சொத்தைக் கிருமி விஷயத்தில் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம் என்பது அதனால்தான்.

அமெரிக்க விவசாயத் துறையே, உணவுகளின் ஆன்டி-ஆக்ஸிடன்ட் திறனைப் பட்டியல் போட்டு வைத்திருந்த தன் இணையப் பக்கத்தை 2012ல் எடுத்துவிட்டது. அந்த எண்களுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பில்லை, கம்பெனிகள் அதை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்று காரணம் சொன்னது. 2005ல் கிரீன் டீ புற்றுநோயைத் தடுக்கும் என்று பெட்டியில் போட அனுமதி கேட்டபோது, அதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்ற தொனியில்தான் அங்கே பதில் வந்தது. இன்னொரு பக்கம், டீயைக் குடிக்காமல் அதன் சாரத்தை மாத்திரையாக விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈஜிசிஜி மாத்திரையாக எடுத்தால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரியலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் எச்சரித்தது. கப்பில் குடித்தால் பானம், குப்பியில் அடைத்தால் விவகாரம்.

அப்படியானால் டீயில் ஒன்றுமே இல்லையா? அப்படியும் இல்லை. 2022ல் பிரிட்டனில் ஏறத்தாழ 5 லட்சம் பேரைச் சுமார் 11 வருடங்கள் தொடர்ந்து கவனித்த தகவல்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. தினமும் இரண்டு கப்போ அதற்கு மேலோ டீ குடித்தவர்களுக்கு அந்தக் காலத்தில் இறக்கும் அபாயம், டீயே குடிக்காதவர்களைவிட 9 முதல் 13 சதவீதம் குறைவாக இருந்தது. பால் ஊற்றினாலும் சர்க்கரை போட்டாலும் வித்தியாசம் தெரியவில்லை. இது கவனித்துப் பார்த்த ஆய்வுதான், டீயால்தான் பிழைத்தார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் குடித்தது பெரும்பாலும் கறுப்பு டீ! கீழ்த் தட்டுச் சரக்கு. இதே முடிவு கிரீன் டீயில் வந்திருந்தால் அடுத்த வாரமே பெட்டியில் அச்சாகியிருக்கும்.

பால் விஷயத்தில் சண்டை இன்னும் ஓயவில்லை. 2007ல் பெர்லினில் 16 பெண்களிடம் நடத்திய சிறிய ஆய்வில், வெறும் கறுப்பு டீ இரத்தக்குழாய்களை இளக்கியது, பால் சேர்த்ததும் அந்தப் பலன் காணாமல் போனது. பாலில் உள்ள கேசீன் டீயின் பாலிஃபீனால்களைப் பிடித்துக்கொள்கிறது என்றார்கள். வேறு ஆய்வுகளில் பால் பெரிய தடையாகத் தெரியவில்லை. எலுமிச்சைக்குக் கொஞ்சம் நல்ல பெயர் உண்டு. அதே 2007ல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில், செயற்கையாகச் செரிமானம் நடத்திப் பார்த்தபோது சிட்ரஸ் சாறு சேர்த்த டீயில் கேட்டசின்கள் அழியாமல் அதிகம் மிஞ்சின. டீக்கடைகளில் எலுமிச்சை டீ போடும் மாஸ்டர்கள் இதைப் படித்துவிட்டுப் போடவில்லை, இருந்தாலும் நல்லதுதான்.

பெட்டியில் கட்டாயம் இருக்க வேண்டிய, ஆனால் ஒருபோதும் பார்க்க முடியாத ஒரு வரி வேறு இருக்கிறது. கிருமியின் மேல் ஒட்டுகிற அதே பாலிஃபீனால், சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தின் மேலும் ஒட்டும். கீரை, பயறு, தானியங்களிலிருந்து கிடைக்கும் இரும்பு, சாப்பாட்டோடு டீ குடித்தால் பாதிக்கும் மேல் உடம்பில் சேராமல் போய்விடுகிறது. கேட்டசின் அதிகமுள்ள ரகம் என்றால் இதிலும் அதற்குத்தான் பலம் அதிகம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. காலையில் டிபனுக்குப் பதிலாக ஒரு டம்ளர் டீ, மத்தியானம் சோற்றோடு இன்னொரு டம்ளர் என்று பசியை அடக்கி வேலைக்கு ஓடும் பெண்களிடம் போய் ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்று பேசுவது கொஞ்சம் கொடுமை. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விட்டால் பாதிப்பு நன்றாகக் குறையும். அதை அச்சடிக்க எவ்வளவு இடம் ஆகிவிடும்?

இனி இலைக்கு வருவோம். கேட்டசின் செடியில் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. மொட்டிலும் முதல் இரண்டு இலையிலும் அதிகம். மூன்றாவது, நான்காவது இலைக்குப் போகப் போகக் குறைந்து நார் கூடும். முற்றிய இலையில் கூடும் இன்னொன்று ஃப்ளூரைடு. தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃப்ளூரைடை இழுத்து இலையில் சேர்க்கும், இலை வயதாக ஆக அது ஏறும். முற்றிய இலையை அழுத்திச் செய்யும் செங்கல் டீயை நாள் முழுக்கக் குடிக்கும் திபெத்தியப் பகுதிகளில் பல்லும் எலும்பும் பாதிக்கப்படுவது பதிவாகியிருக்கிறது. ஆகவே 'இரண்டு இலை ஒரு மொட்டு' என்பது அழகுக்காகச் சொல்லும் வாசகம் இல்லை, அதில் இரசாயனம் இருக்கிறது.

இரண்டு இலை ஒரு மொட்டு என்று பறிக்கக் கை வேண்டும், கைக்குக் கூலி வேண்டும். நீலகிரியில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட சிறு தேயிலை விவசாயிகள் இருக்கிறார்கள். (அங்கே பசுந்தேயிலை என்றால் பறித்த இலை. கிரீன் டீ என்று நினைத்துவிடாதீர்கள்.) 1990களின் கடைசியில் விழ ஆரம்பித்த பசுந்தேயிலை விலை அதற்குப் பிறகு நிம்மதியாக நின்றதே இல்லை. 2023 செப்டம்பரில் அவர்கள் உண்ணாவிரதம் இருந்து கேட்டது கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு. கையில் வந்துகொண்டிருந்தது இருபதுக்கும் கீழே. விலை இப்படி இருந்தால் என்ன நடக்கும்? ஆள் வைத்துக் கொழுந்து பார்த்துப் பறித்தால் கூலிக்கே காணாது. கத்தரியை வைத்து மேலோடு மேலாக வெட்டி, முற்றிய இலையும் தண்டும் சேர்த்து எடை ஏற்றுவார்கள். எடைக்குத்தானே காசு? தொழிற்சாலைக்காரர் இலை சரியில்லை என்று விலையை இன்னும் குறைப்பார். அதைச் சரிக்கட்ட இன்னும் அதிக எடை வேண்டும். இப்படிச் சுற்றிச் சுற்றி, கடைசியில் டம்ளருக்கு வரும் டீயில் கேட்டசினும் தியாஃப்ளேவினும் குறைகின்றன. எந்த ரகம் நட்டிருந்தாலும் சரி, அதன் குணத்தை விலை தின்றுவிடுகிறது. விவசாயியைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. தரத்துக்குத் தராசு இல்லாத சந்தையில் யார் இருந்தாலும் எடையைத்தான் பார்ப்பார்கள்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ டீத்தூளுக்கு நாலு முதல் நாலரை கிலோ பசுந்தேயிலை தேவை. விவசாயிகள் கேட்ட விலையையே கொடுத்தாலும் ஒரு கிலோ டீக்கான இலை விலை சுமார் 150 ரூபாய். மேல் தட்டில் இருபத்தைந்து பைகள் உள்ள கிரீன் டீப் பெட்டிக்குக் கிட்டத்தட்ட அதே விலை. ஒரு பையில் ஒன்றரை கிராம் என்று வைத்துக்கொண்டாலும் பெட்டி முழுக்க 40 கிராம் தேறாது. தயாரிப்பு, பை, அட்டை, வரி, கடைக்காரர் லாபம் எல்லாம் உண்டு, மறுக்கவில்லை. இருந்தாலும், ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்ற சொல்லுக்கு வாங்குகிறவர் கொடுக்கும் காசில் ஒரு பைசாகூட ஆன்டி-ஆக்ஸிடன்ட் அதிகமுள்ள இலையைப் பறித்தவருக்கு என்று தனியாகப் போவதில்லை. போக வழியே இல்லை, ஏனென்றால் பறித்த இடத்தில் யாரும் அதை அளப்பதில்லை.

அளக்க முடியாதா என்றால், முறை ஏற்கெனவே இருக்கிறது. சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ, கிரீன் டீயில் பாலிஃபீனால் குறைந்தது 11 சதவீதமும் கேட்டசின் குறைந்தது 7 சதவீதமும் இருக்க வேண்டும் என்கிறது. கறுப்பு டீக்குப் பாலிஃபீனால் குறைந்தது 9 சதவீதம். (11க்கும் 9க்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள், இரண்டு தட்டுகளின் விலைக்கு நடுவில் உள்ள தூரத்தையும் பாருங்கள்!) சோதிக்கும் முறையையும் அதே அமைப்பு எழுதி வைத்திருக்கிறது. தேன், பால் வாங்கும் சங்கங்களில் தரம் பார்த்து விலை போடுவது புதிதில்லை. பாலில் கொழுப்பு பார்த்துக் காசு கொடுக்க முடிகிறது என்றால், இலையில் இதைப் பார்த்துக் கொடுப்பது நடக்காத காரியமா?

ரகத்தின் பெயரைச் சொல்லியே விற்கிறவர்களும் இருக்கிறார்கள். கென்யா 2011ல் டிஆர்எஃப்கே 306 என்ற ஊதா இலைத் தேயிலையை வெளியிட்டது. நாவல்பழத்துக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் அதன் இலையில் இருக்கிறது. 'பர்ப்பிள் டீ' என்று ரகத்தையே முன்னால் வைத்துச் சந்தைக்குப் போனார்கள். ஜப்பானில் பெனிஃபூகி என்று ஒரு ரகம். அங்கே அதிகம் பயிராகும் யாபுகிடாவில் இல்லாத, மெத்தில் சேர்ந்த ஒருவகைக் கேட்டசின் இதில் இருக்கிறது. மகரந்த ஒவ்வாமைக்கு இதமளிக்கும் என்று பெயர் போட்டு விற்கிறார்கள். இந்த பெனிஃபூகியின் பூர்வீகத்தைத் தேடினால், 1870களில் டாடா மோட்டோகிச்சி என்ற ஜப்பானியர் இந்தியாவிலிருந்து கொண்டுபோன விதைகளில் போய் நிற்கும். கறுப்பு டீக்கென்று உருவாக்கிய ரகம், கேட்டசினுக்காகக் கிரீன் டீயாகப் பிழைத்துக்கொண்டது. இங்கிருந்து போன விதை அங்கே பெயரோடு விற்கிறது. இங்கே இருக்கும் செடிகள் 'டஸ்ட்' என்ற ஒரே பெயரில் ஏலத்துக்குப் போகின்றன.

யூபாசி குளோன்களைத் தேர்ந்தெடுத்தபோது முதலில் பார்த்தது விளைச்சலும் வறட்சி தாங்கும் தன்மையும். அன்றைய தேவை அது. இப்போது உடல்நலத்தைச் சொல்லித்தான் டீ விற்க வேண்டும் என்று கம்பெனிகள் முடிவு செய்துவிட்ட பிறகு, பெட்டியில் மூன்றே மூன்று தகவல்களைக் கட்டாயமாக்கலாம். எந்த வகைச் செடி, கேட்டசின் எத்தனை சதவீதம், எந்த மாதம் பறித்தது. நாலாவதாக அந்த இரும்புச் சத்து எச்சரிக்கை. எடை குறையும், இளமை திரும்பும் போன்ற வாசகங்களை எடுத்தால் இதற்கெல்லாம் தாராளமாக இடம் கிடைக்கும். நீலகிரியின் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் 1960களிலிருந்தே இன்ட்கோசர்வ் என்ற ஒரே குடையின் கீழ் இயங்குகின்றன. ஒரு தொழிற்சாலைக்கு வரும் கொழுந்தை ஒரு பருவம் மட்டும் ரகவாரியாகப் பிரித்து வாங்கி, அளந்து, அளவுக்கு ஏற்ப ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ கூட்டிக் கொடுத்துப் பார்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. கத்தரியா கையா என்பதை அடுத்த பருவத்தில் விவசாயியே முடிவு செய்துகொள்வார்.